சுவர் நின்ற இடத்தில் அக்கா

இந்த நினைவு மலரை வாங்கிப் பிரிக்கிற சொந்தங்களில் பாதிப் பேருக்கு என் மேல் கோபம் இருக்கிறது. எனக்குத் தெரியும். அக்காவை அடக்கம் செய்த நாளிலிருந்து சிலர் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆனாலும் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கிறீர்கள். அக்காவுக்காக வந்தவர்களுக்கு நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். அக்காவைப் பற்றி நல்லதைத்தான் எழுதப் போகிறேன். என்னைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

அக்கா சங்ககிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். ஆறு வருடம் கழித்து நான். அப்பா லாரி வைத்திருந்தார். இன்றைக்கு நான் நடத்தும் புக்கிங் ஆபீஸ் அவர் தொடங்கியதுதான். அக்கா கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தார். அதே வகுப்பில் எங்கள் ஊர்க் காலனியிலிருந்து ஆரோக்கியம் படித்தார். பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சு. வீட்டுக்கு வந்தால் ஆரோக்கியம் வாசலோடு நின்றுகொள்வார். அக்கா தண்ணீரை வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர்களும் கிறிஸ்தவர்கள், நாங்களும் கிறிஸ்தவர்கள். ஒரே கோயில், ஒரே நற்கருணை. ஆனால் ஊர்த்தெரு ஊர்த்தெருதான், காலனி காலனிதான். இதை யாரும் எங்களை உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராமலே நன்றாகத் தெரிந்திருந்தது.

அக்கா சேலத்தில் நர்சிங் படித்தார். எருமப்பட்டியில் ஆசிரியராக இருந்த மாமாவைக் கைப்பிடித்தார். மகள் ஸ்டெல்லாவுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது மாமா நெஞ்சு வலியில் போய்விட்டார். அழுதுகொண்டே மூலையில் உட்கார்ந்திருக்கிற சுபாவம் அக்காவுக்குக் கிடையாது. முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த மறுவாரம் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டார். ஸ்டெல்லா கல்லூரிக்குப் போன பிறகு, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இஸ்ரேல் போகிறேன் என்று ஒருநாள் வந்து நின்றார். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. "இந்த வயசுல பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்ட அதே வாய்கள், "ஏசு பொறந்த மண்ணுக்குப் போறா, குடுத்து வெச்சவ" என்றும் சொல்லின. நம் சனத்தைப் பற்றிக் கேட்கவா வேண்டும்!

ஹைஃபா என்ற ஊரில் எண்பது வயதை நெருங்கிய ஒரு யூத அம்மையாரின் வீட்டில் அக்காவுக்கு வேலை. ஹன்னா என்பது அவர் பெயர். அக்கா ஹன்னாம்மா என்று கூப்பிட ஆரம்பித்து, எங்கள் எல்லாருக்கும் அவர் ஹன்னாம்மா ஆகிவிட்டார். சரியான கோபக்காரி. "சூப்புல உப்புக் கொறஞ்சாப் போதும் சாமி, மூணு பாஷையில திட்டு உளுகுது" என்று அக்கா போனில் சொல்லிச் சிரிப்பார். சாமி என்பது நான்தான், அக்கா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அக்கா ஒருநாள் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாராம். அதன் பிறகு சூப்பை அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஹன்னாம்மா ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். யூதர்களாகப் பிறந்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக அறுபது லட்சம் பேரைக் கொன்று தீர்த்தார்களே, அந்தக் கொடுமையில் அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள் எல்லாரையும் பறிகொடுத்தவர். ஒரு விவசாயக் குடும்பம் மாட்டுக் கொட்டகையில் ஒளித்து வைத்ததால் பத்து வயதில் இவர் மட்டும் பிழைத்தார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டாராம். பேசினாலும் பெரிய கொடுமைகளைச் சொல்லமாட்டாராம். பூங்கா பெஞ்சில் யூதர் உட்காரக் கூடாது என்று பலகை வைத்ததைச் சொல்வாராம். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதி ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனதைச் சொல்வாராம். அப்புறம், அவர் தாத்தாவின் கல்லறைக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய் ரோட்டுக்குப் போட்டதை. அந்தக் கல் பதித்த ரோட்டில்தான் அந்தப் பிள்ளை ரொட்டி வாங்க நடந்து போயிருக்கிறாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தம்பிகளுக்கும் கல்லறையே கிடையாது.

வருடத்தில் ஒருநாள் அந்த நாட்டில் காலையில் சங்கு ஊதுவார்களாம். இரண்டு நிமிடம் நாடே அசையாமல் நிற்குமாம். ரோட்டில் ஓடுகிற வண்டிகள்கூட அப்படியே நின்று, ஓட்டுகிறவர்கள் கீழே இறங்கித் தலை குனிந்து நிற்பார்களாம். அக்கா இதைச் சொன்னபோது என் லாரிக்காரப் புத்தி வேறு எங்கோ போனது.

"ஹைவேல வண்டியை நிறுத்தினா, பின்னாடி வர்றவன் ஏத்திப்போட்டுப் போயிருவானே!"

"அவனுந்தான் நிறுத்தறான் சாமி. எல்லாரும் நின்னா யாரும் யாரு மேலயும் ஏத்த மாட்டாங்க."

ஒன்பது வருடம் அங்கே இருந்தார். ஹன்னாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவரை வழியனுப்பிவிட்டுத்தான் ஊர் திரும்பினார். இங்கே வந்த பிறகும் அந்த நாளை அக்கா விடவில்லை. ஹன்னாம்மா வீட்டு நாலு பேர் பெயரைச் சொல்லிவிட்டுச் சமையலறையில் இரண்டு நிமிடம் நிற்பார். நான் ஒருமுறை அந்த நேரத்தில் போய், "எங்கயோ வேத்து நாட்டுச் சனம், எப்பவோ செத்தவங்க. உனக்கு எதுக்குக்கா இதெல்லாம்?" என்று கேட்டேன். "நிக்கறது பெருசில்ல சாமி. நின்னுபோட்டு வெளிய போய் என்ன பண்றோம்ங்கறதுதான்" என்றார். எனக்கு அது விளங்கவில்லை. டீ போடு என்றேன்.

இனி கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறேன். வெளியூர்ச் சொந்தங்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டம் ஒன்றுதான், ஆனால் நடுவே ஒரு சுவர் ஓடியது. கோயில் பக்கம் ஊர்த்தெருக்காரர்கள், ஓடைப் பக்கம் காலனிக்காரர்கள். இரண்டு கேட்டு. அப்பா காலத்தில் கட்டிய சுவர் அது. அஸ்திவாரக் கல் எங்கள் லாரியில்தான் வந்தது. கல்லறைத் திருநாளன்று ஃபாதர் எங்கள் பக்கம் ஒவ்வொரு கல்லறையாக நின்று செபித்துத் தீர்த்தம் தெளிப்பார். கடைசியில் சுவர் ஓரமாகப் போட்ட மேடையில் ஏறி, அங்கிருந்தே அந்தப் பக்கமும் தெளிப்பார். காலனிக்காரர்கள் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து நிற்பார்கள். வந்த ஃபாதர்கள் ஒன்றிரண்டு பேர் மாற்றப் பார்த்தார்கள், நாங்கள் விடவில்லை. பங்குப் பேரவையில் கல்லறைத் தோட்டப் பொறுப்பு என்னுடையது. "தீர்த்தத்துக்கு ஏதுங்க சுவரு?" என்று நானே பெருமையாகப் பேசியிருக்கிறேன். அதை நியாயம் என்றே நினைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஐப்பசி மழையில் அந்தச் சுவர் நடுவில் முப்பது அடிக்குச் சரிந்து விழுந்தது. கல்லறைத் திருநாளுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. ஹாலோ பிளாக் சொல்லிவிட்டேன். கொத்தனாரையும் பேசிவிட்டேன். அக்கா ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"உளுந்தது உளுந்தாப்புலயே இருக்கட்டும் சாமி."

"அதெப்புடிக்கா விட முடியும்? ஆடு மாடு வந்துரும்."

"ஆடு மாட்டுக்குத்தான் சுத்தியும் காம்பவுண்டு இருக்குதே. நடுவால யாருக்காகக் கட்டறே? அதைச் சொல்லு."

பதில் இல்லாதவனுக்குக் கோபம்தானே வரும். எனக்கும் வந்தது. மறுநாள் காலையில் கொத்தனார் போன் செய்தார். "அண்ணா, உங்கக்கா சேர் போட்டு உக்காந்திருக்கறாங்க. நாங்க என்னங்க பண்றது?"

போய்ப் பார்த்தேன். சுவர் விழுந்த இடத்தின் நட்ட நடுவில் பிளாஸ்டிக் சேர். குடை, தண்ணீர் பாட்டில், கையில் செபமாலை. சுற்றிலும் ஆட்கள் வேடிக்கை. எனக்கு மானம் போயிற்று.

"எந்திரிக்கா. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். பொதைக்க எடமில்லாமப் போனவங்க கதையை ஒம்பது வருசம் கேட்டுப்போட்டு வந்திருக்கறேன். பொதைச்ச எடத்துல நீ சுவரு கட்டுவே, நான் பார்த்துக்கிட்டு இருக்கோணுமா?"

"அப்போ எங்களையும் அந்தக் கொலைகாரங்களோட சேர்க்கறியா?"

"இல்ல சாமி. ஹன்னாம்மா ஊட்டுக்குப் பக்கத்து ஊட்டுக்காரங்களும் கொலைகாரங்க இல்ல. நல்ல சனம். கோயிலுக்குப் போற சனம். இவங்களைப் பிடிச்சுக் கொண்டுபோறப்ப சன்னலைச் சாத்திக்கிட்டாங்க, அவ்வளவுதான். நாம அவங்களாட்டம்தான் இருக்கறோம்."

"பெருசாப் பேசறியே, அந்த நாட்டுல மட்டும் சுவரு இல்லியாக்கும்? டிவியில நாங்களும் பார்க்கறோம்."

"இருக்குது. அதையும் கண்ணால பார்த்துட்டுத்தான் வந்தேன். எங்க கட்டினாலும் சுவரு சுவருதான்."

நாலு நாள் இப்படியே போனது. காலையில் எட்டு மணிக்கு வருவார், கொத்தனார்கள் போன பிறகு எழுந்து போவார். ஆரோக்கியம் மட்டும் அந்தப் பக்கமிருந்து சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு உடனே போய்விடுவார். கூட உட்கார அக்கா கூப்பிட்டிருக்கிறார். "நீங்க அக்கா தம்பி, நாளைக்குச் சேர்ந்துக்குவீங்க. எங்களை நாளைக்கு வேலைக்குக் கூப்புட ஆளிருக்காது" என்று ஆரோக்கியம் சொல்லிவிட்டாராம். அவர் சொன்னது உண்மைதான். காலனி ஆட்கள் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்களின் பட்டறையிலும் தறியிலும்தான் வேலை பார்த்தார்கள்.

இனி எழுதப் போவதை எழுத எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அக்காவுக்குச் சில மாதமாக வயிற்றில் வலி இருந்தது. ஸ்கேன் எடுக்கச் சேலம் வரச் சொல்லியிருந்தார்கள். ஐந்தாம் நாள் அதற்குப் போக வேண்டும். "பஸ்ஸுல எதுக்குக்கா? என்ற காரை அனுப்பறேன். மெதுவாப் பார்த்துட்டு வா" என்றேன். கார் ஊர் எல்லையைத் தாண்டியதும் கல்லறையில் எட்டுப் பேரை வேலைக்கு இறக்கினேன். சாயங்காலத்துக்குள் முப்பது அடியும் எழும்பிவிட்டது. பழைய சுவரைவிட இரண்டு வரிசை உயரமாகவே கட்டச் சொன்னேன். அக்கா காரை நேரே கல்லறைக்கு விடச் சொல்லி வந்து இறங்கினார். ஈரச் சுவரைப் பார்த்தார். அவர் கத்துவார் என்று நான் பேச்சையெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"ஸ்கேன்ல என்ன சொன்னாங்கன்னு நீ கேக்கவே இல்லியே சாமி" என்றார்.

புற்றுநோய் என்று சொல்லியிருந்தார்கள். அதைத் தனியாகக் கேட்டுவிட்டு, தனியாக வந்து, நான் கட்டிய சுவருக்கு முன்னால் நின்றிருக்கிறார். என்னைப் போல ஒரு தம்பி யாருக்கும் வாய்க்க வேண்டாம்.

அந்தக் கல்லறைத் திருநாளில் அக்கா எங்கள் பக்கம் வரவில்லை. அந்தப் பக்கம் ஆரோக்கியத்தோடு நின்று, மேடை மேல் ஏறிய ஃபாதரை அண்ணாந்து பார்த்தார். ஃபாதர் முகத்தில் அன்று களையே இல்லை. நானும்தான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் சுவரை இடிக்கும் அளவுக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயம்தான். வேறென்ன?

இரண்டு வருடம் வைத்தியம் நடந்தது. ஸ்டெல்லா கோயமுத்தூரில் நர்சாக இருந்ததால் அங்கேயே பார்த்தோம். என்னைப் பற்றி அக்கா யாரிடமும் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. நான் போனால் சாப்பிடச் சொல்வார், பிள்ளைகளைக் கேட்பார், மழையைப் பற்றிப் பேசுவார். சுவரைப் பற்றி மட்டும் பேசமாட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். கடைசியாக ஊருக்கே கொண்டுவந்துவிடச் சொன்னார். ஒருநாள் இளநீர் குடித்துக்கொண்டே, "என்னை அக்கட்ட வை" என்றார், சுவருக்கு அந்தப் பக்கத்தை.

"அப்பாம்மா இக்கட்ட இருக்காங்களேக்கா."

"இருக்கட்டும். என்னைப் பார்க்கோணும்னா அவங்க சுவரேறிக் குதிச்சு வரட்டும்."

"சரி, பார்க்கலாங்க்கா."

"லாரிக்காரன் பார்க்கலாம்னா வண்டி வராதுன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?" சிரித்தார். நான் அன்றைக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

தவக்காலத்தில் ஒரு காலை, ஸ்டெல்லா கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே அக்கா ஆண்டவரிடம் போய்விட்டார். பெட்டி வருவதற்குள் நான் வண்டியை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். ஐம்பத்திரண்டு வயதில், ஆரோக்கியம் வீட்டுக்குள் அன்றுதான் முதல்முறை காலை வைத்தேன். அவர் கணவர் சூசை சேரை எடுத்துப் போட்டார். உட்காராமலே சொன்னேன்: அக்கா காலனிப் பக்கம் இடம் கேட்டிருக்கிறார், கொடுக்க வேண்டும்.

ஆரோக்கியம் அழுதுகொண்டிருந்தவர் முகத்தைத் துடைத்தார். அவரைவிட ஆறு வயது சின்னவனான என்னை அதுவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டு வந்தவர்.

"தம்பி, உங்கக்கா என்ற கூடப் பொறக்காதவ, அவ்வளவுதான். அவளுக்கு எடம் இல்லைன்னு சொல்லுவனா? ஆனா ஒண்ணு கேக்கறேன். எங்க பக்கம் எடமே கொஞ்சம். ஒரே குழியில மூணு தலைமுறையைப் போடறோம். உங்க பக்கம் பாதி சும்மா கெடக்குது. உங்க மனசு ஆறறதுக்கு நீங்க எங்க எடத்துல வந்து படுத்துக்குவீங்க. எங்காளு ஒருத்தரைக் கொண்டாந்தா உங்க பக்கம் வெப்பீங்களா? அதைச் சொல்லிப்போட்டு எடத்தை எடுத்துக்குங்க."

ஆரோக்கியம் நியாயத்தைக் கேட்டார். அக்கா கேட்டதும் இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அக்காவைச் சுவர் தாண்டி அனுப்பிவிட்டு, சுவரை அப்படியே வைத்துக்கொண்டு, நல்ல தம்பி என்று பெயர் வாங்கப் பார்த்திருக்கிறேன்.

"வெப்பேங்க" என்றேன். அந்த அம்மாவிடம் நான் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

நேரே கல்லறைக்குப் போனேன். நான் கட்டிய சுவரில் நானே கடப்பாறையைப் போட்டேன். ஹாலோ பிளாக் சீக்கிரம் விழுந்துவிட்டது. அடியில் அப்பா லாரியில் வந்த கல்தான் லேசில் அசையவில்லை. என் டிரைவர்கள் இரண்டு பேரும் காலனியிலிருந்து சூசையும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து அஸ்திவாரத்தைப் பெயர்த்தோம். சுவர் நின்ற அதே இடத்தில் அக்காவுக்குக் குழி வெட்டினோம். சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, பெத்தவங்க மானத்தைக் குழியில போட்டு மூடறியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அவரோடு பலரும் போனார்கள். ஃபாதரிடம் நானே போய்ச் சொன்னேன். "எங்கே வைக்கிறீர்களோ அங்கே வந்து செபிக்கிறேன்" என்றார். இரண்டு பக்கத்திலும் ஆட்கள் நிற்க, ஒரே தடவை தீர்த்தம் தெளித்து, அக்காவை மண்ணுக்குக் கொடுத்தோம். அங்கே மறுபடி யாரும் சுவர் எழுப்ப முடியாது. என் அக்காவைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் எழுப்ப வேண்டும். மீதிச் சுவரைப் பற்றிப் பேரவையில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. என் பொறுப்பைப் பிடுங்கிவிட்டார்கள். பரவாயில்லை.

அக்காவை இரண்டு வருடம் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட மகள் ஸ்டெல்லாவுக்கும், வைத்தியம் பார்த்தவர்களுக்கும், சொந்தங்கள் திரும்பிப் போன அன்று பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்கியவர்களுக்கும், செபித்த ஃபாதருக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டுக்குச் சோறு ஆக்கி அனுப்பிய ஆரோக்கியம் குடும்பத்துக்கும் கை கூப்புகிறேன். அன்றைக்குத் திரும்பிப் போய், இன்றைக்கு வந்திருக்கிறவர்களுக்கும் நன்றி. சித்தப்பா, உங்களுக்கும்தான். ஹன்னாம்மா எங்கே இருந்தாலும் அவருக்கும்.

போன மாதம் சூசை காலமானார். ஆரோக்கியம் எதையும் கேட்டு வரவில்லை. நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் சூசையை வைத்தோம். நேற்று என் மனைவி கேட்டார்: "உங்கப்பாவுக்குப் பக்கத்துல இருந்த உங்க எடத்தைத் தூக்கிக் குடுத்துப்போட்டீங்க. நாளைக்கு உங்களை எங்கீங்க வெக்கறது?" யார் பக்கத்தில் இடம் இருக்கிறதோ அங்கே வையுங்கள் என்றேன். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை.